மச்சான் அனுப்பிய மூன்று நாவல்கள்

அக்காள் புருஷன் கொழும்பிலிருந்து மூன்று நாவல்கள் கொடுத்தனுப்பியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அங்கிருந்து ஊர் வந்த ஒருவர் வழக்கமான சாமான்களோடு அவற்றையும் கொண்டுவந்தார். சோப்பு, பிஸ்கட் டின், மாசிக் கருவாடு, பிள்ளைகளுக்குத் துணி, எல்லாவற்றுக்கும் அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய புத்தகங்கள். "இதத் தங்கச்சி வாசிச்சுக் காட்டணுமாம், ராத்தா கேக்கணுமாம். மறக்காமச் சொல்லச் சொன்னாக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கச்சி நான். ராத்தா என் அக்காள்; அவள் புருஷன் எனக்கு மச்சான். கீழக்கரையில் பெண்ணுக்குக் கல்யாணத்தோடு வீடும் கொடுத்துவிடுவது வழக்கம். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போவதற்கு முன்பே எங்கள் இரண்டு பேருக்கும் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டி, நடுச்சுவரில் ஒரு கதவும் வைத்துக் கொடுத்திருந்தார். உம்மா ராத்தாவோடு இருந்தார். ராத்தாவுக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும். என் வீட்டுக்காரருக்கு ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை. கடை முடித்து பஸ்ஸில் வரும்போது லைப்ரரியிலிருந்து எனக்கு நாவல் எடுத்துவருவார். நான் எட்டாவது வரை படித்தவள். ராத்தா குர்ஆன் ஓதுவாள், அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பாள். ஆனால் தமிழ் அச்செழுத்தை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே கதை என்றால் நான் வாசிக்க, அவள் கேட்பாள்.

இது தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு ஐந்தாறு வருஷம் முந்தி. சிலோன்காரர்கள் விசா, பெர்மிட் என்று இழுத்தடிக்கத் தொடங்கிய காலம். முன்பெல்லாம் நோன்புக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வந்து போன ஆண்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது என்றாகியிருந்தது. மச்சானுக்கு அங்கே புறக்கோட்டையில் மசாலைச் சாமான் மொத்த வியாபாரம். பலசரக்கு ரசீது தவிர வேறு எதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் நாவல் அனுப்பியிருக்கிறார் என்றதும், பரவாயில்லை, மனிதருக்குக் கொஞ்சம் ருசி வந்திருக்கிறது என்று நினைத்தேன். புத்தகங்களைப் பிரித்துப் படித்த பிறகு அந்த நினைப்பும் போயிற்று.

மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு சாயங்கால அசர் தொழுகை வரைக்கும் எங்களுக்கு ஓய்வு. பக்கத்து வீட்டுப் பெண்கள் கொல்லைக் கதவு வழியாக வந்து ராத்தா வீட்டு உள்கூடத்தில் உட்காருவார்கள். சிலர் பூண்டு உரிப்பார்கள், சிலர் ஓலைக் கொட்டான் முடைவார்கள். நான் தூணில் சாய்ந்துகொண்டு வாசிப்பேன்.

முதல் நாவலின் கதாநாயகி மதராஸில் ஒரு பங்களாவில் இருந்தாள். முதல் அத்தியாயத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்தவள் கடைசி வரை அதை விடவில்லை. சமையலுக்கு ஆள் இருந்தது, தோட்டத்துக்கு ஆள் இருந்தது, அவளுக்கென்று ஒரு வேலையும் கிடையாது. பிள்ளைகள் இருப்பதாக எழுத்தாளர் ஓரிடத்தில் சொன்னார். பிறகு அவரே மறந்துவிட்டார். புருஷன் அதே ஊரில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும் அவள் மயங்கி விழுந்தாள். எழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். அதன்பின் புதிதாக வருகிறவளுக்கு ஒரு பட்டுச்சேலையில் தன் கையாலேயே பூவேலை செய்யத் தொடங்கினாள். அந்தப் பூவேலைக்குத் தனியாக ஓர் அத்தியாயம்.

வாசிப்பதற்கும் அது லேசான நடை இல்லை. பத்திக்கு ஒரு 'அந்தோ'. எழுத்தாளருக்கு மேலே எழுத ஓடாத இடத்திலெல்லாம் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தார். அரிசியில் கல் கிடக்கிற மாதிரி பக்கம் முழுக்கப் புள்ளி. மனதுக்குள் படிக்கிறவர்கள் தாண்டிப் போகலாம். சத்தம் போட்டு வாசிக்கிறவள் என்ன செய்வாள்? நான் அங்கங்கே நிறுத்தி மூச்சு வாங்கினேன். அதைக் கேட்டு நானும் அழுகிறேன் என்று நினைத்து மற்றவர்கள் அழுதார்கள். உம்மா முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ராத்தா மட்டும் அழவில்லை. முறத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தவள் நடுவில் கேட்டாள்.

"ஏன் புள்ள, இவ எப்பத்தான் சோறு திம்பா?"

"அதெல்லாம் கதையில சொல்ல மாட்டாக, ராத்தா."

"சொல்லாட்டி பசிக்காதாக்கும். அந்தப் புள்ளைக எங்க? அதுகளயாச்சும் யாரும் பாக்குறாகளா?"

"சும்மா இருடி. அவளே மனசு நொந்து கெடக்கா" என்று உம்மா அதட்டினார்.

ராத்தா மிளகாய்க் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

இரண்டாவது நாவல் இன்னும் மோசம். அதில் கதாநாயகிக்குக் காச நோய். இருமும்போது கைக்குட்டையில் ரத்தம் 'ரோஜா இதழைப் போல' விழுந்ததாம். தான் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும் அவளே புருஷனுக்குப் பெண் பார்த்து, அவர்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து, 'என் உள்ளம் கடல்' என்று தொடங்கி இரண்டு பக்கம் பேசிவிட்டுச் செத்துப்போனாள். மூச்சுவிட முடியாதவள் இரண்டு பக்கம் எப்படிப் பேசினாள் என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். எங்கள் தெருவிலேயே அந்த நோயில் போன ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். கடைசி நாட்களில் அவள் பேசியதெல்லாம் சளி துப்புகிற சிரட்டையை மாற்றிவைக்க ஆள் வரவில்லையே என்பது பற்றித்தான். ரோஜா இதழ் என்று எழுதியவருக்கு ஒரு நாள் அந்தச் சிரட்டையைக் கழுவக் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவதில் கடல் வந்தது. கிழக்குக் கரையில் ஒரு கிராமமாம். மணலில் தனியாக உட்கார்ந்து புருஷன் போன திசையைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி வருஷக்கணக்கில் பாட்டுப் பாடினாள். சூரியன் கடலுக்குள் அஸ்தமித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் கடற்கரையில் போய் உட்காருகிறவர்கள் இல்லை, ஆனாலும் எங்கள் கரையில் சூரியன் எந்தப் பக்கம் விழும் என்பதுகூடவா தெரியாது? பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண்ணே சிரித்துவிட்டாள். கடைசியில் புருஷன் கப்பலிலிருந்து இறங்குகிறான், கூட ஒருத்தி. கரையில் நின்றவள் ஓடிப்போய், 'தங்கையே வா' என்று கட்டிக்கொள்கிறாள். முற்றும்.

மூன்றும் ஒரே கதை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள், ஒரே மாவில் மூன்று பணியாரம் சுட்டிருக்கிறார்கள் என்று அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் திட்டினேன். "அப்படித்தான் எல்லாம் வருது. நீ எதுக்கு அம்புட்டையும் வாசிக்கிற?" என்றார். அவர் கேட்டது சரிதான். குப்பை என்று தெரிந்தும் கடைசிப் பக்கம் வரை போய்த்தான் கீழே வைப்பேன். அது ஒரு வியாதி.

நல்ல நாவல் என்றால் என்னவென்று தெரியாமல் நான் பேசவில்லை. அதற்கு முந்தின வருஷம் அவர் எடுத்துவந்த ஒரு புத்தகத்தில், கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பதற்குப் பாதாளக்கரண்டி இரவல் கேட்டு ஒரு பெண் வீடு வீடாகப் போவாள். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். யார் வீட்டில் கரண்டி இருந்தும் இல்லை என்றார்கள், யார் கூடவே ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இருந்தது. படித்து முடித்தபோது அந்தத் தெருவில் குடியிருந்து வந்த மாதிரி இருந்தது. அதை எழுதியவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பூவேலைக்காரருக்கோ பத்திரிகைக்குப் பத்திரிகை படம் போட்டார்கள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து மச்சான் வந்தார். கப்பலில் தனுஷ்கோடி, ரயிலில் ராமநாதபுரம், அங்கிருந்து காரில் கீழக்கரை என்று பெட்டிபடுக்கையோடு வந்து இறங்கினார். முதல் நாள் முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்து அவர் பாயில் சாய்ந்திருந்தார். நான் நடுக்கதவருகே வெற்றிலைத் தட்டோடு இருந்தேன். ராத்தா தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். உம்மா உள்ளறையில் படுத்திருந்தார்.

"பொஸ்தகமெல்லாம் வாசிச்சாச்சா புள்ள?" என்று மச்சான் என்னைக் கேட்டார்.

"ஆச்சு மச்சான்."

"எப்படி இருந்துச்சு?"

"குப்பை" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படிச் சொல்லாத. கொழும்புல எல்லாரும் அதத்தான் வாசிக்கிறாக. பொம்பளைக்கு எம்புட்டுப் பெரிய மனசுன்னு எழுதியிருக்காக." பிறகு ராத்தா பக்கம் திரும்பி, "ஒனக்கு?" என்றார்.

"தங்கச்சி நல்லாத்தான் வாசிச்சா. கதைதான் கூறுகெட்ட கதையா இருந்துச்சு."

"என்ன கூறு கெட்டுப்போச்சு இப்ப?"

"வேறென்ன. சொல்லாமக் கொள்ளாம ஒருத்தன் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு வாரான். இவ உக்காந்து சேலையில பூப்போடுறா. இன்னைக்குப் போட்டுக் குடுத்தா நாளைக்கு மூணாவதுக்கும் கேப்பான்."

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். "அப்படி ஒரேயடியாப் பேசக்கூடாது. அவன் பக்கமும் நியாயம் இருக்கும்ல. கடல் தாண்டிப் போயி ஒத்தையில கெடக்குறான். காச்சல் வந்தாக் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்ல..."

ராத்தாவின் கை நின்றது. "சேல தச்சவ புருஷன் மதராஸ்லதான இருக்கான். நீங்க யாரச் சொல்லுறீக?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்விட வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான், அந்த மூன்று புத்தகங்களையும் அவர் எதற்காகத் தேடிப் பொறுக்கி அனுப்பினார் என்பது எனக்கு உறைத்தது. ராத்தாவைப் பதப்படுத்த அனுப்பியிருக்கிறார். ஊறப்போட்டால் தோல் தானாகக் கழன்றுவிடும் என்று நினைத்திருக்கிறார்.

சொல்லிவிட்டார். பொய் பேசவில்லை, அந்த அளவுக்கு மனிதர் பரவாயில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பெண், கடைக்குப் பக்கத்தில் குடியிருந்த குடும்பம், முதல் புருஷன் இறந்துபோனவள். நிக்காஹ் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டு எங்கள் பேச்சிலேயே சொன்னவர், பிறகு நிமிர்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு தமிழுக்கு மாறினார். "உன் உள்ளம் கடல். அதில் என் பிழை ஒரு துளி. நீ என்னை மன்னித்து அவளையும் தங்கையாக ஏற்பாய் என்று..."

ராத்தா என் பக்கம் திரும்பினாள். "இவுக என்ன புள்ள பேசுறாக?"

"ரெண்டாவது பொஸ்தகத்துல வருது, ராத்தா. கடைசியில."

சீரகம், பெருஞ்சீரகம் என்று வாழ்ந்த மனிதர் அந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்துகொண்டு கடலைத் தாண்டி வந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட அதை எழுதிக் கொடுத்தவன்மேல் வந்த ஆத்திரம் பெரிது. இவராக யோசித்துப் பேசியிருந்தால் வெட்கப்பட்டு, தடுமாறி, ஏதாவது உண்மையான ஒரு சொல் வாயிலிருந்து விழுந்திருக்கும். அதைக் கேட்டு ராத்தாவும் ஏதாவது சொல்லியிருப்பாள். நாவல் அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டது.

ராத்தா கடைசித் தட்டையும் துடைத்து அடுக்கிவிட்டு எழுந்தாள். "பெட்டிய எடுத்துக்கிட்டு உங்க உம்மா வீட்டுக்குப் போங்க. இது எங்க வாப்பா எனக்குக் குடுத்த வீடு" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் போனார். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே உம்மா தொடங்கினார். "ஏன்டி, ஆம்பள செய்யாததையா செஞ்சுட்டான்? அந்தக் கதையில வந்தவ பொறுத்துக்கிடலையா? நோக்காட்டுல கெடந்தவ, அவளே பாத்துக் கட்டிவைக்கலையா?"

"அது கதை உம்மா. எவனோ ஒருத்தன் நாற்காலியில உக்காந்து எழுதுனது" என்றேன்.

"எழுதுறவுகளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாக்கும்" என்றார் உம்மா.

எழுதப்படிக்கத் தெரியாதவர் அவர். அச்சில் வந்தது என்றால் அவருக்கு அது யாரோ பெரியவர் சொன்ன வாக்கு. உள்கூடத்தில் அழுத பெண்களும் அப்படித்தான். ஒவ்வொருத்தியாக வந்து ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒனக்கும் அப்படி ஒரு மனசு வேணும் என்றார்கள். கதாநாயகிக்காக அழுத கண்ணீரை ராத்தாவிடம் வசூல் பண்ண வந்த மாதிரி இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குப் புருஷன் கொழும்பிலோ பினாங்கிலோ இருந்தான். தன் வீட்டுக்கு இந்தச் செய்தி வந்திருந்தால் யார் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தாய்மாமா வந்தார். நாவல் படிக்காத மனிதர், அதனால் அவர் பேச்சில் கொஞ்சம் சாரம் இருந்தது. "மார்க்கம் நாலு வரைக்கும் விட்டிருக்கும்மா. நாம அத இல்லேன்னு சொல்ல முடியாது" என்றார்.

"நான் இல்லேன்னு சொல்லலயே மாமா. நீதமா நடத்தணும்னும் மார்க்கந்தான சொல்லியிருக்கு. ஒரு வருஷமா ஒளிச்சு வச்சது நீதமா? நேருல வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். பொஸ்தகம் அனுப்பி வேவு பாத்தாக. எனக்கு இவுக வேணாம். தலாக் சொல்லச் சொல்லுங்க."

"புள்ளைகள நெனச்சுப் பாரு."

"அதுகளுக்கு வாப்பா இல்லாமப் போகல. பெருநாளைக்குப் பெருநாளைக்குத் துணி அனுப்பட்டும். எப்பவும் அதத்தான செஞ்சாக."

மாமா ஜமாஅத்தில் பேசுவதாகச் சொல்லி எழுந்தார். பேச்சு வாரக்கணக்கில் இழுத்தது. மச்சான் தினமும் வாசல்வரை வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார். கடைசியில் பெரியவர்கள் முன்னிலையில் முறைப்படி விலக்கிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினார்.

இதை ஒருவர் நாவலாக எழுதினால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ராத்தாவைப் புயலாக்குவார். நாலு பக்கத்துக்கு வசனம் கொடுப்பார். இல்லையென்றால் மெழுகுவர்த்தியாக உருக்கிவிடுவார். அவள் இரண்டும் இல்லை. விலக்குக்குப் பிறகு வீட்டோடு இத்தா இருந்த நாட்களில் அவளுக்குக் கடைவாய்ப்பல்லில் வலி எடுத்தது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, கன்னம் வீங்கி, எல்லாரிடமும் எரிந்து விழுந்தாள். மகன் தலையில் எண்ணெய் சரியாகத் தேய்க்கவில்லை என்று அவனை அடித்தாள். என்னிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் கொல்லையில் முருங்கைக் கிளை காற்றில் முறிந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். உம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ராத்தா அழுது முடித்து எழுந்து, முறிந்த கிளையிலிருந்த கீரையை உருவி அன்றைக்குச் சமைத்துவிட்டாள். உப்பு கூடிப்போயிருந்தது. எல்லாரும் சாப்பிட்டோம்.

அதன்பிறகு நான் வாசிப்பது நிற்கவில்லை. ஆனால் பெண்கள் கூடுவது தானாகக் குறைந்துபோனது. வந்தவர்களுக்கும் என் வாசிப்பு பிடிக்காமல் போயிற்று. நடுவில் நிறுத்தி, "இது பொய், இப்படி யாரும் பேச மாட்டாக" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். "கத கேக்க வந்தா இவ பாடம் நடத்துறா" என்று ஒருத்தி என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். போகட்டும். அழுவதற்கென்று வருகிறவளுக்கு வெங்காயம் உரிக்கக் கொடுத்தாலே போதும்.

ராத்தாவுக்குப் பெரியபட்டினத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், சங்கு வியாபாரம். அவள் யோசித்து, மறுபடி யோசித்து, சரி என்றாள். அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சத்தமாகச் சாப்பிடுவார், எல்லாரையும் நடுவில் குறுக்கிட்டுப் பேசுவார். ராத்தாவுக்குப் பிடித்திருந்தது. "வீட்டுல இருக்காக புள்ள. கூப்பிட்டா ஏன்னு கேக்குறாக" என்பாள்.

தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலுக்கு அப்புறம் அங்கிருந்து கப்பலும் இல்லை என்றானபோது மச்சான் கொழும்புக் கடையைக் கைமாற்றிவிட்டு, இரண்டாவது மனைவியோடு ஊருக்கே வந்து அவருடைய உம்மா வீட்டில் தங்கினார். ஊரே காத்திருந்தது, ராத்தாவும் அவளும் எங்கே சந்திப்பார்கள், என்ன நடக்கும் என்று. ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் பந்தியில் சந்தித்தார்கள். சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். அந்தச் சஹனில் நானும் ராத்தாவும் இருந்தோம், எதிரே அவள் வந்து உட்கார்ந்தாள். யாரென்று தெரிந்தபின் எழுந்திருக்கவும் முடியவில்லை அவளுக்கு. சாதாரணமான பெண், மெலிந்த கை, பேச்சில் சிலோன் இழுப்பு.

ராத்தா அவளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சோற்றைக் கிளறி ஒரு துண்டுக் கறியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிவைத்தாள். "எலும்பாப் போட்டுட்டாக. இந்தத் துண்டு பரவால்ல, எடுத்துக்கிடு" என்றாள். அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் ஊரில் தண்ணீர் உப்பாக இருப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.